உத்தியோகமும் காணொளியும்

(சங்க மண்டபத்தில் நடைபெற்ற மாதாந்தக் கூட்டத்தில் அங்கத்தவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மேடையிலே பண்டிதர்களும் பேராசிரியர்களும் பேசக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். நானோ ஒரு கந்தோரில் எழுதுவினைஞனாக இருப்பவன். மாலையிலும் விடுமுறை நாட்களிலும் யூரியூப்பிலே ஒரு சிறிய சனலை நடத்தி வருகின்றேன். ‘உத்தியோகத்தையும் இந்தக் காணொளி வேலையையும் ஒருவன் சேர்த்துச் செய்யலாமா? செய்யலாமானால் எப்படி?’ என்பதைப் பற்றிப் பேசும்படி காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். இரண்டிலும் அடிபட்டவன் என்ற ஒரு தகுதியைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை.

இந்தப் பொருளை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாதம் ஒருநாள் மாலை நம் சங்கத்து அங்கத்தவரான ஒரு வாலிபர் என் வீட்டுக்கு வந்தார். நிரந்தர உத்தியோகத்திலே சேர்ந்து இரண்டு வருடம் ஆகின்றது. விறாந்தையில் இருந்து தேநீர் குடித்து முடிக்குமட்டும் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அண்ணை, வேலையை விட்டிட்டு யூரியூப்பையே முழுநேரமாய்ச் செய்வமெண்டு யோசிக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?” என்று கேட்டார். தகப்பனாருக்கு இன்னும் தெரியாதாம். தெரிந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்கவேண்டும்’ என்ற பழமொழி வழங்கும் ஊரல்லவா இது? அந்த வாலிபர் இன்று இச்சபையில் இருக்கின்றாரா இல்லையா என்பதைச் சொல்லமாட்டேன். தகப்பன்மார் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்கவும் வேண்டாம். அன்று அவருக்கு நான் நேரான மறுமொழி சொல்லவில்லை. யோசித்துச் சொல்லுகின்றேன் என்று அனுப்பிவிட்டேன். யோசித்ததையே இன்று உங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுகின்றேன்.

முதலிலே, கைத்தொலைபேசியை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கும் பெரியோர்களுக்காகச் சில வார்த்தைகள். யூரியூப் என்பது 2005ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 23ஆம் திகதி அதிலே ஏற்றப்பட்ட முதற் காணொளி பத்தொன்பது விநாடி நீளமானது. தொடங்கியவர்களுள் ஒருவர் மிருகக்காட்சிச்சாலையில் யானைகளுக்கு முன் நின்று இரண்டு வார்த்தை பேசுவதே அதன் விஷயம். அடுத்த ஆண்டே கூகுள் நிறுவனம் அதனை 165 கோடி டாலருக்கு வாங்கிற்று. இன்று கோப்பாயிலே ஒரு பிள்ளை தன் வீட்டுக் கிணற்றடியில் எடுத்த படத்தை, ரொறன்ரோவிலே இருக்கும் அவருடைய பெரியம்மா அதே நாளிற் பார்க்கின்றார். பார்ப்பதற்கு முன்னும் நடுவிலும் விளம்பரங்கள் வருகின்றன. அந்த விளம்பரப் பணத்திலே, நீண்ட காணொளிகளுக்கு 55 வீதம் படம் எடுத்தவரைச் சேரும். மிகுதி கூகுளைச் சேரும்.

ஆனால் அந்தப் பங்கு எடுத்த எடுப்பிலே கிடைப்பதன்று. ஆயிரம் பேர் சந்தாதாரராகச் சேர்ந்திருக்கவேண்டும். அத்துடன் பன்னிரண்டு மாதத்துக்குள் நாலாயிரம் மணி நேரம் பிறர் உங்கள் காணொளிகளைப் பார்த்திருக்கவேண்டும். சிறு துண்டுகளாக வரும் ‘ஷோர்ட்ஸ்’ என்பவற்றுக்கு வேறு கணக்கு உண்டு. இந்தப் படியைத் தாண்டிய பின்னரும், கணக்கிலே 100 டாலர் சேரும் வரையில் காசு கைக்கு வராது. ஆகவே தொடங்கிய ஆறாம் மாதத்திலே மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்று எண்ணுகின்ற தம்பிமார் சிறிது பொறுக்கவேண்டும். எனக்கு முதல் நூறு டாலர் வருவதற்கு முன் இரண்டு தைப்பொங்கல் கடந்துவிட்டது.

நிற்க. உத்தியோகத்தோடு இன்னொரு கருமத்தையும் தோளிலே சுமப்பது நம் நாட்டுக்குப் புதிதா என்று பார்ப்போம். நம்மவர் பலர் அப்படியே வாழ்ந்தார்கள். விடியற்காலையில் துலா மிதித்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு, குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் படிப்பிக்கப் போன உபாத்திமார் எத்தனை பேர்! அவர்கள் தோட்டத்துக்காகப் பள்ளிக்கூடத்தையும் விடவில்லை. பள்ளிக்கூடத்துக்காகத் தோட்டத்தையும் தரிசாக விடவில்லை.

பெரிய உதாரணங்களையும் பார்ப்போம். ஆறுமுக நாவலர் அவர்கள் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே ஆசிரியராக இருந்தார்கள். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய நூலின் மொழிபெயர்ப்பிலும் துணை புரிந்தார்கள். அந்தச் சம்பள வேலையில் இருந்துகொண்டே, 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிலே தமது பிரசங்கத்தைத் தொடங்கினார்கள். அது வெள்ளிக்கிழமைதோறும் தொடர்ந்து நடைபெற்றது. ஒன்பது மாதத்தின் பின், 1848 செப்டெம்பரிலேதான் உத்தியோகத்தை விட்டார்கள். விட்ட அதே ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றியது. அதாவது, தாம் மேற்கொள்ளப்போகும் கருமம் இன்னது என்பதை வெள்ளிக்கிழமைகளிலே செய்து பார்த்துத் தெளிந்துகொண்ட பின்னரே சம்பளத்தைத் துறந்தார்கள். நமது சங்கம் அவரை எக்காரணத்துக்காகப் போற்றுகின்றதோ அது வேறு. ஒரு தொழிலாளியாக அவரிடம் நாம் கற்கவேண்டிய பாடம் இது என்று நான் நினைக்கின்றேன்.

சிறுப்பிட்டியிலே 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களுடைய வழி வேறு. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் 1857இலே தேறியபோது அவர்களுள் ஒருவராக இருந்தவர் அவர். அரசாங்கக் கணக்குக் கந்தோரிலே பெரிய உத்தியோகம் பார்த்தவர். பகலெல்லாம் இலக்கங்களோடு இருந்தவர், மற்ற நேரத்திலே ஏடுகளோடு இருந்தார். செல்லரித்த ஏடுகளைத் தேடிச் சேர்த்து, ஒப்பு நோக்கி, அச்சேற்றினார். அவர் பதிப்பித்த ஆண்டுகளைக் கவனியுங்கள். 1868இலே தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் வந்தது. அதன்பின் வீரசோழியம் வருவதற்கு 1881 ஆயிற்று. 1882இலே உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றார். பிறகு 1883இலே இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும், 1885இலே தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இலே கலித்தொகை, 1889இலே சூளாமணி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உத்தியோக காலத்திலே குறைவாகச் செய்தார், ஆனால் விட்டுவிடவில்லை. அந்தக் குறைவான வேலையிலே பழகிய கை, ஓய்வு கிடைத்தவுடன் நிறைவாகச் செய்தது. வாரம் மூன்று காணொளி போடாவிட்டால் உலகம் நம்மை மறந்துவிடும் என்று பதறுகின்ற வாலிபர்கள், 1868க்கும் 1881க்கும் இடையே உள்ள பதின்மூன்று வருடத்தைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும்.

நம் காலத்துக்கு இன்னும் அணித்தான ஓர் உதாரணம் டொமினிக் ஜீவா அவர்கள். கஸ்தூரியார் வீதியிலே முடிதிருத்தும் நிலையத்தில் உழைத்தவர். ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற சிறுகதைத் தொகுதிக்காகச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். 1966 ஆகஸ்டிலே ‘மல்லிகை’ என்ற மாத சஞ்சிகையைத் தொடங்கினார். எழுதுவித்தவரும் அவர், அச்சுக்கூடத்துக்கு நடந்தவரும் அவர், பிரதிகளைக் கையிலே கொண்டு திரிந்து விற்றவரும் அவரே. அந்தச் சஞ்சிகை 2012 வரையில் வந்தது. இன்று ஒரு சனல் நடத்துகின்றவன் தானே படம் பிடித்து, தானே வெட்டி ஒட்டி, தானே ஊருக்கு அறிவிக்கின்றான். மல்லிகையின் கதையை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று.

ஆகவே இருவகைத் தொழிலும் நம் மரபுக்குள்ளேதான் இருக்கின்றது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை நான் கொடுக்காமல் வேறொருவர் கொடுத்தார். அதை இந்தச் சபையிலே சொல்லுவதற்கு எனக்கு வெட்கந்தான். இருந்தும் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சிலே உண்மை இராது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, வீட்டில் அடைபட்டுக் கிடந்த நாட்களிலேதான் நான் தொடங்கினேன். அழிந்துபோகின்ற தொழில்களைப் படம் பிடிப்பது என் நோக்கம். துலா, பனையோலை வேலை, சுண்ணாம்புச் சூளை, மாட்டுவண்டிச் சில்லுக்குப் பட்டம் ஏற்றுதல் என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். பத்து நிமிடக் காணொளி ஒன்றுக்கு ஒரு முழுநாட் படப்பிடிப்பும், இரண்டு இரவு வெட்டி ஒட்டும் வேலையும் வேண்டியிருந்தது. 2022இலே நாட்டின் நிலைமையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரையில் மின்சாரம் நின்ற நாட்களும் இருந்தன. மின்சாரம் வந்த நேரமே எனக்கு வேலை நேரம். அது நள்ளிரவாக இருந்தால் நள்ளிரவு, விடியற்புறமாக இருந்தால் விடியற்புறம். அப்படி உண்டான பழக்கம், மின்சாரம் சீரான பிறகும் என்னை விட்டுப் போகவில்லை.

ஒருநாள் இரவு துலாவைப் பற்றிய காணொளியை முடிக்கும்போது அதிகாலை இரண்டரை மணி. காலையிலே கந்தோருக்குப் போனேன். உதவிப்பணம் பெறுகின்றவர்களுடைய வங்கிக் கணக்கு இலக்கங்களைப் பதியும் வேலை அன்று எனக்கு. ஓர் ஆச்சியின் கணக்கிலே இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிப் பதிந்துவிட்டேன். பணம் போய்ச் சேரவில்லை, திரும்பி வந்தது. திருத்தி அனுப்புவதற்கு அடுத்த மாதம் ஆகிவிட்டது. ஆச்சி இரண்டு தரம் பேருந்திலே கந்தோருக்கு வந்து வரிசையில் நின்றார். இரண்டாம் தரந்தான் பிழை என்னுடையது என்பது தெரிந்தது. நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. “பறவாயில்லை ராசா, கடைக்காரன் இந்த மாதம் பொறுத்தவன்” என்றார்.

அன்றைக்கு என் கைத்தொலைபேசியிலே லண்டனில் இருந்தும் ரொறன்ரோவில் இருந்தும் பாராட்டுகள் வந்துகொண்டிருந்தன. ‘நம் முதியவர்களின் வாழ்வை உலகுக்குக் காட்டுகின்றீர்கள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் எழுதியதை வாசிக்க என்னால் முடியவில்லை. நம் ஊரின் முதியவர் ஒருவர் என் மேசைக்கு முன்னே, கடைக்குக் கடன் சொல்லிவிட்டு வந்து நிற்கின்றார். இரவு அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா அதிகம் பேசுகிறவர் அல்லர். “மோனை, சம்பளம் தாறது பகலுக்கு. அந்தப் பகலை நீ இரவிலையே செலவழிச்சிட்டாய்” என்றார். மூன்று மாதம் நான் ஒரு காணொளியும் போடவில்லை. விட்டுவிடுவதென்றே எண்ணியிருந்தேன்.

பிறகு மீண்டும் தொடங்கினேன். ஆனால் சில நியமங்களை ஏற்படுத்திக்கொண்டு தொடங்கினேன். என் அனுபவத்திலே பிறந்த அந்த நியமங்களைத்தான் வாலிபர்களுக்கு இன்று சொல்ல விரும்புகின்றேன்.

முதலாவது, நித்திரை. வளர்ந்த மனிதனுக்கு இரவில் ஏழு மணி நேரமாவது நித்திரை வேண்டும் என்பது வைத்தியர்களுடைய கருத்து. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனுடைய கையும் கண்ணும், அளவோடு மது அருந்தியவனுடைய நிலைக்குத் தடுமாறுகின்றன என்று 1997இலே அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் அளந்து காட்டினார்கள். குடித்துவிட்டுக் கந்தோருக்குப் போகச் சொன்னால் நம்மில் யார் சம்மதிப்போம்? இரவு இரண்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழும்பிப் போவதற்கு மாத்திரம் ஏன் பெருமைப்படுகின்றோம்? இரவு பத்தரைக்குப் பின் கணினியைத் தொடுவதில்லை என்பது இன்று என் வீட்டுச் சட்டம். அதைக் காவல் செய்கின்றவர் அம்மா.

இரண்டாவது, மணிக்கணக்கு. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நித்திரைக்கு 49, உத்தியோகத்துக்கு 40, போக்குவரவுக்கு 10, குளிப்புக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டு வேலைக்குமாக 21. மொத்தம் 120 ஆகின்றது. மீதி 48. அதிலே பெற்றார், மனைவி மக்கள், கோவில், கலியாணம், செத்தவீடு, தோட்டம், நோய் நொடி எல்லாம் அடங்கவேண்டும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்து, வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்று எனக்கு நானே எல்லை கட்டினேன். பத்து மணி நேரத்தில் எத்தனை காணொளி செய்யமுடியுமோ அத்தனைதான். என் வேகத்துக்கு மாதம் இரண்டு. போயா விடுமுறை நாட்களிலே படம் பிடிப்பேன். ஒரே பயணத்தில் இரண்டு மூன்று காணொளிக்கு வேண்டியதை எடுத்து வைத்துக்கொள்வேன். முடித்தவற்றை, இன்ன நாள் இன்ன நேரத்தில் வெளிவருக என்று முன்கூட்டியே குறித்துவைக்க யூரியூப்பில் வசதி உண்டு. மழைக்கு முன் விறகு அடுக்குவது போல, இரண்டு மாதத்துக்கு வேண்டியதை அடுக்கி வைத்திருப்பவன் பதறமாட்டான்.

மூன்றாவது, விதி. அரசாங்க உத்தியோகத்தர் தாபன விதிக்கோவைக்குக் கட்டுப்பட்டவர். 2022 செப்டெம்பரிலே பொது நிருவாக அமைச்சு விடுத்த சுற்றறிக்கை, சமூக ஊடகங்களிற் கருத்து வெளியிடுவதும் அக்கோவைக்கு உட்பட்டதே என்பதை நினைவூட்டிற்று. ஆகவே தொடங்குமுன் மேலதிகாரியிடம் எழுத்திலே அறிவித்து அனுமதி கேளுங்கள். தனியார் நிறுவனத்தில் இருப்பவர்கள் தாம் கையொப்பமிட்ட நியமனக் கடிதத்தை மறுபடி வாசியுங்கள். கந்தோர் விஷயம், கந்தோர்க் கணினி, கந்தோர் நேரம் ஆகிய மூன்றும் சனலுக்குள் வரக்கூடாது. பணம் வரத் தொடங்கினால் தனியான வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருந்து வருகின்ற இத்தகைய வருமானத்துக்கும் 2025 ஏப்ரல் முதலாக இலங்கையிலே வரி உண்டு. அதன் உச்ச விகிதம் 15 வீதம். பிறருடைய பாட்டையும் படத்தையும் எடுத்துப் போடுவதும் ஆபத்து. தொண்ணூறு நாட்களுக்குள் மூன்று பதிப்புரிமைக் குற்றம் பதிவானால் சனலே மூடப்படலாம். ஆசையோடு சினிமாப் பாட்டொன்றைப் பின்னணியிலே போட்டு, வருடக்கணக்கான உழைப்பை இழக்கவேண்டுமா?

நான்காவது, பிறர் முகம். இதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். உதவி செய்கின்றோம் என்று சொல்லிக்கொண்டு, ஏழைக் குடும்பங்களின் குடிசைக்குள் கமராவோடு நுழைந்து, கண்ணீர் வரும் வரையில் கேள்வி கேட்டு, ஒரு பை அரிசியோடு அந்தக் கண்ணீரையும் ஊருக்குக் காட்டுகின்ற வழக்கம் நம் பகுதியிலே வளர்ந்துவிட்டது. கொடுக்கின்றவர்கள் நல்ல மனத்தோடு வெளிநாட்டில் இருந்து கொடுக்கின்றார்கள். வாங்குகின்ற வீட்டிலே படிக்கின்ற ஒரு பெண்பிள்ளை இருக்கும். அடுத்த நாள் அந்தப் பிள்ளை வகுப்பிலே எந்த முகத்தோடு இருப்பது? வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். உத்தியோகம் இருப்பதனால் நமக்கு உண்டாகின்ற ஒரு பெரிய சுதந்திரத்தை இங்கே சொல்லவேண்டும். மாதச் சம்பளம் வருகின்றவன், வயிற்றுக்காக இப்படிப்பட்ட காணொளி போடவேண்டியதில்லை. பார்வையாளர் தொகை குறைந்தாலும் அவன் வீட்டு அடுப்பு எரியும். ஆகவே அவனால் ‘இதை எடுக்கமாட்டேன்’ என்று சொல்லமுடியும். சம்பளத்தைத் தளை என்று நினைக்கின்ற தம்பிமாருக்கு இதைச் சொல்லுகின்றேன். அந்தச் சம்பளந்தான் என் சனலின் மானத்தைக் காப்பாற்றுகின்றது.

இனி, என்னிடம் வந்த வாலிபருடைய கேள்விக்கு வருகின்றேன். உத்தியோகத்தை விடலாமா? ஒருபோதும் விடக்கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. விட்டு நல்லது செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவிலே சல்மான் கான் என்பவர், வங்காளத்து வேர்களை உடைய குடும்பத்தில் வந்தவர், முதலீட்டு நிறுவனமொன்றிலே உத்தியோகம் பார்த்தார். 2004இலே தூரத்தில் இருந்த மைத்துனி ஒருத்திக்குத் தொலைபேசி வழியாகக் கணிதம் சொல்லிக்கொடுத்தார். மற்ற உறவுப் பிள்ளைகளும் கேட்கத் தொடங்கவே, 2006இலே பாடங்களைக் காணொளியாக்கி யூரியூப்பில் ஏற்றினார். பகலிலே உத்தியோகம், மிகுதி நேரத்திலே பாடம். மூன்று வருடம் இப்படி நடந்த பிறகு, 2009இலே உத்தியோகத்தை விட்டார். அப்பொழுது அவருக்குப் பயன்பெறுகின்ற மாணாக்கர் கூட்டம் இருந்தது, சேமிப்பும் இருந்தது. அப்படியிருந்தும் அந்தச் சேமிப்பு மாதத்துக்கு மாதம் கரைந்துகொண்டே போயிற்று. 2010இலே ஆன் டோயர் என்ற அம்மையாருடைய நன்கொடையும், பின்பு கூகுள் நிறுவனத்தின் இருபது இலட்சம் டாலரும் கிடைத்த பின்னரே மூச்சு வந்தது. கான் அக்கடமி என்று இன்று உலகம் அறிந்த நிறுவனம் அது. அவ்வளவு திறமைசாலிக்கும் மூன்று வருடம் இரண்டு தோணியிற் கால் வைக்கவேண்டியிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

ஆகவே தம்பி, இரண்டு நல்ல மாதத்தைக் கண்டு முடிவு செய்யவேண்டாம். விளம்பர வருமானம் கடல் போன்றது, வற்றும், பெருகும். யூரியூப் தன் விதியை மாற்றினால் உன்னிடம் கேட்டு மாற்றாது. 2018இலே அந்த ஆயிரம் பேர், நாலாயிரம் மணி நேரம் என்ற படியைக் கொண்டுவந்தபோது, எத்தனையோ சிறிய சனல்கள் ஒரே நாளில் வருமானம் இழந்தன. பன்னிரண்டு மாதம் கணக்கு எழுது. அந்தப் பன்னிரண்டிலே மிகக் குறைந்த மாதத்தின் வருமானத்தை எடு. அது உன் சம்பளத்துக்கு நிகராக இருக்கின்றதா? ஒரு வருடச் செலவுக்குச் சேமிப்பு இருக்கின்றதா? உன் சம்பளத்தை நம்பி இருக்கின்ற தங்கையின் படிப்புக்கும் அம்மாவின் மருந்துக்கும் வழி இருக்கின்றதா? எல்லாவற்றுக்கும் மேலாக, காசு வராவிட்டாலும் செய்வேன் என்று சொல்லத்தக்க பொருள் உன் கையில் இருக்கின்றதா? இந்த நான்குக்கும் ‘ஓம்’ என்று சொல்லமுடியுமானால், முதலிலே தகப்பனாரிடம் போ. அவரிடம் சொல்லத் துணிவு வராத கருமத்தை உலகத்துக்கு முன் செய்யப்போகாதே. நான்கிலே ஒன்றுக்கேனும் ‘இல்லை’ என்றால் உத்தியோகத்திலே இரு. வாரத்துக்குப் பத்து மணி நேரம் செய்.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம். பிள்ளை கமராவைத் தூக்கினால் ‘கூத்தாடப் போகின்றான்’ என்று ஏளனம் செய்யாதீர்கள். என்ன எடுக்கின்றாய் என்று கேளுங்கள். நல்லதென்றால் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுங்கள். துலாவிலே நின்று மிதித்தவர்கள் இன்று எத்தனை பேர் நம் மத்தியில் இருக்கின்றார்கள்? அந்தக் காணொளியில் எனக்கு விளக்கம் சொன்ன பெரியவர் அடுத்த ஆண்டு காலமாகிவிட்டார். அவருடைய குரல் இன்று அந்தப் பத்து நிமிடத்திலேதான் இருக்கின்றது. அவருடைய பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து அதைத் திரும்பத் திரும்பக் கேட்பதாக எழுதியிருந்தார்கள். இந்த வேலையை முற்றாக விட்டுவிட எனக்கு மனம் வராமைக்கு அதுவே காரணம்.

முடிவாக ஒரு யோசனை. துலாவை ஒருவன் தனியே நின்று இயக்குவதில்லை. ஒருவர் மேலே மிதிப்பார். ஒருவர் பட்டை பிடிப்பார். ஒருவர் வாய்க்காலிலே தண்ணீர் மாறுவார். தமிழ்நாட்டிலே புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலம் என்ற ஊரிலே, ஒரு பாட்டனாரும் பேரன்மாருமாகச் சேர்ந்து 2018இலே சமையற் சனல் ஒன்றைத் தொடங்கினார்கள். வில்லேஜ் குக்கிங் சனல் என்பது அதன் பெயர். கமத்தொழிலை நம்பி வாழ்ந்த குடும்பம் அது. 2021இலே ஒரு கோடி சந்தாதாரரைப் பெற்ற முதல் தமிழ்ச் சனல் என்ற பெயரை அது எடுத்தது. அவ்வாண்டு முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு இந்திய ரூபாய் பத்து இலட்சம் கொடுத்தார்கள். ஒருவர் சமைக்க, ஒருவர் படம் பிடிக்க, ஒருவர் வெட்டி ஒட்ட, பாரம் பங்கிடப்பட்டது. நம் சங்கத்திலும் நான்கு வாலிபர்கள் ஏன் அப்படிச் சேரக்கூடாது? ஒரு நல்ல கமராவும் ஒரு நல்ல ஒலிவாங்கியும் சங்கத்துக்குப் பொதுவாக இருக்கட்டும். மாதம் ஒரு காணொளி. நால்வரும் முறை வைத்துச் செய்தால், ஒருவருக்கு வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேற் போகாது. பரீட்சை வந்தவருக்கும் கலியாணம் வந்தவருக்கும் மற்றவர்கள் தோள் கொடுப்பார்கள். ஒருவனும் நித்திரையை விற்கவேண்டியதில்லை. முதற் காணொளிக்கு வேண்டிய பெரியவர்கள் இந்த மண்டபத்திலேயே முன்வரிசையில் இருக்கின்றார்கள்.

அந்த ஆச்சியின் கணக்கு இலக்கம் இன்றும் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு மாதமும் பட்டியல் வரும்போது முதலிலே அதைத்தான் சரிபார்க்கின்றேன். அவர் இன்னும் உதவிப்பணம் பெறுகின்றார்.